விஸ்கி இல்லாத ஸ்காட்டிஷ் விருந்து இனிப்பு எது?

கேள்வி, டிசம்பர் 27, இரவு 9.10

ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாளான பர்ன்ஸ் இரவுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அபர்டீனில் இருக்கிறோம். வருகிறவர்களில் இரண்டு முஸ்லிம் குடும்பங்கள், குடியை விட்டுச் சில வருடங்களான ஒரு நண்பர், மாசமாக இருக்கும் ஒரு பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். மாமியார் சைவம், கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் கண்டுகொள்ள மாட்டார். கடைசி இனிப்பு இந்த ஊர்ப் பழைய இனிப்பாகவே இருக்க வேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடிக்கிறார். ஆபீஸில் கேட்டால், விஸ்கி இல்லாத க்ரானகன் (க்ரீம், ஓட்ஸ், தேன், ராஸ்பெர்ரி, விஸ்கி சேர்ந்த இனிப்பு) வெறும் க்ரீம்தானே என்று சிரிக்கிறார்கள். விஸ்கிக்குப் பதிலாக என்ன ஊற்றுவது?

பதில், டிசம்பர் 27, இரவு 10.35

எதையும் ஊற்றாதீர்கள். விஸ்கி போடாத இனிப்பாகப் பார்த்து எடுங்கள், வேலை முடிந்தது.

இந்த ஊர் இனிப்புகளில் விஸ்கியையே நம்பி நிற்பவை கொஞ்சம்தான். ஆதல் ப்ரோஸ் ஏறக்குறைய மதுபானமே. டிப்ஸி லேர்ட் என்கிற ட்ரைஃபிளில் (கேக், கஸ்டர்டு, க்ரீம் அடுக்கிய இனிப்பு) அடியில் இருக்கும் கேக் முழுக்க விஸ்கியில் ஊறும். க்ரானகனில் இரண்டு மூன்று கரண்டி. மற்றபடி க்ளூட்டி டம்ப்ளிங் (துணியில் கட்டி வேகவைக்கும் பழ உருண்டை), டேப்லெட் என்கிற சர்க்கரைக் கட்டி, ஷார்ட்பிரெட், எக்லஃபெக்கன் டார்ட், செல்கர்க் பானக் என்கிற பழ ரொட்டி, கடல்பாசி போட்ட பால் புட்டிங் எல்லாம் பாட்டிலைத் திறக்காமலே காலங்காலமாகச் செய்து வருபவை. கணவர் கேட்ட பழமைக்கு இவற்றில் ஒரு குறையும் இல்லை.

பன்னிரண்டு பேர் போல வருகிறார்கள் என்றால் என் ஓட்டு க்ளூட்டிக்கு. விவரம் அப்புறம்.

டிசம்பர் 28, காலை 7.50

விஸ்கி இல்லாவிட்டால் அது ஸ்காட்லாந்தே இல்லை என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நான் டண்டீயில் இருப்பவன், இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

1922 தேர்தலில் இந்த ஊர் வின்ஸ்டன் சர்ச்சிலைத் தோற்கடித்து அனுப்பியது. அவருக்கு மேலே வந்து ஜெயித்தவர் எட்வின் ஸ்க்ரிம்ஜர், ஸ்காட்டிஷ் மதுவிலக்குக் கட்சிக்காரர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மதுவிலக்குக் கட்சியின் பெயரில் போன ஒரே ஆள் அவர்தான். 1931 வரை உட்கார்ந்திருந்தார். வடக்கே விக் என்கிற மீன்பிடி ஊர் 1922 முதல் 1947 வரை, கால் நூற்றாண்டு முழுக்க, ஓட்டுப்போட்டே மதுக்கடை இல்லாமல் இருந்தது. ஊர் மக்களே வாக்களித்துக் கடையை மூடிக்கொள்ளலாம் என்று 1913இல் தனிச் சட்டமே வந்திருந்தது.

இது சாப்பாட்டுக்கு வெளியே நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். சாராயக் கடைக்கு மாற்றாக உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துதான் கிளாஸ்கோவில் டீ ரூம்கள் பெருகின. கேட் க்ரான்ஸ்டன் 1878இல் தன் முதல் கடையை ஆரம்பித்தார். சாக்கிஹால் தெருவில் கட்டடக் கலைஞர் மெக்கிண்டாஷ் வடிவமைத்துக் கொடுத்த அவருடைய கடை 1903இல் வந்தது. ஸ்கோன், ஷார்ட்பிரெட், பழ ரொட்டி, பான்கேக் என்று அடுக்குத் தட்டில் வருகிறதே, அதெல்லாம் டீக்குத் துணையாக வளர்ந்த பலகாரங்கள். இந்த நாட்டு இனிப்பின் பெரும்பகுதி டீக்கோப்பை பக்கத்தில் வளர்ந்தது. விஸ்கிக் கோப்பை விருந்தாளியாக வந்து போனது.

இன்னொன்று. பர்ன்ஸ் 1789 முதல் கலால் அதிகாரி. சாராயத்துக்கு வரி வசூலிப்பதும் கள்ளச்சாராயத்தைப் பிடிப்பதும்தான் சம்பளம் கொடுத்த வேலை. குடித்தாரா என்றால் குடித்தார். ஆனால் உங்கள் வீட்டு மேசையில் விஸ்கி இல்லை என்று அவர் கணக்கு எழுத வர மாட்டார்.

டிசம்பர் 28, மாலை 6.20

'சமைத்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடும், கவலை வேண்டாம்' என்று சொன்னவருக்கு: அவ்வளவு சீக்கிரம் போகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மாவோடு கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீதம் மிஞ்சும். அரை மணி நேரத்தில் 35, ஒரு மணி நேரத்தில் 25. இரண்டரை மணி நேரம் ஆனால்தான் 5 சதவீதத்துக்கு இறங்கும். மேலே ஊற்றித் தீ வைத்துக் காட்டுகிறார்களே, அந்த வித்தையில் முக்கால் பங்கு அப்படியே தட்டில் இருக்கும். க்ரானகனுக்கு அடுப்பே கிடையாது, ஊற்றியது முழுக்க உள்ளே போகும்.

உங்கள் விருந்தில் இது ருசிப் பிரச்சினை மட்டும் இல்லை. யாருக்கு என்ன காரணம் என்று அளவு பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரேயடியாக விட்டுவிடுவது நல்லது.

டிசம்பர் 30, இரவு 11.05

க்ளூட்டிக்கு ஓட்டுப் போட்டேன். அதில் மது இல்லை, ஆனால் மாமியார் பெயரைப் பார்த்ததும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: சூயட்.

சூயட் என்றால் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. பழைய முறைப்படி க்ளூட்டியில் அதுதான். கடை டம்ப்ளிங்கிலும் அது இருக்கலாம். இங்கே வந்த நம் ஆட்களில் பலர் 'பழம் போட்ட புட்டிங்தானே' என்று இதை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்து முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். கொழுப்பு ஹலாலா என்று உங்கள் முஸ்லிம் நண்பர்களும் கேட்பார்கள், கேட்பது நியாயம்.

வழி சுலபம். சூப்பர் மார்க்கெட்டில் வெஜிடபிள் சூயட் என்று தனிப் பெட்டி இருக்கும். பாமாயிலை மாவில் புரட்டிய சின்னச் சின்ன உருண்டைகள். அதே அளவு போடலாம். இல்லை, வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக உறையவிட்டு கேரட் துருவியில் துருவிக்கொள்ளுங்கள். எனக்கு வெண்ணெய்தான் பிடிக்கும், வாசனை நன்றாக இருக்கும். வெஜிடபிள் சூயட் போட்டால் உள்ளே கொஞ்சம் அதிகப் பொலபொலப்பு கிடைக்கும். இரண்டுமே சரிதான்.

விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினையும் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரைஃபிள் ஜெல்லியில் பெரும்பாலும் இருக்கும்.

ஜனவரி 1, பகல் 3.15

ஹாக்மனே என்கிற வருடக் கடைசி நாள் கொண்டாட்டம் முடிந்தது, தெருவே தூங்குகிறது. க்ளூட்டி பற்றி இப்போது எழுதுகிறேன், கை சூடாக இருக்கும்போதே.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. க்ளூட்டியை நான் கற்றது அவரிடம். அவர் ஒருபோதும் தராசு எடுத்ததில்லை. என் அளவு இது: மைதா 225 கிராம், ரொட்டித்தூள் 115, சூயட் அல்லது துருவிய வெண்ணெய் 115, பழுப்புச் சர்க்கரை 115, சுல்தானாவும் கரண்ட்டும் (இரண்டும் உலர்திராட்சை வகை) சேர்த்து 300, துருவிய ஆப்பிள் ஒன்று, பட்டைப் பொடி, சுக்குப் பொடி, கலவை மசாலா தலா ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், கறுப்பு ட்ரீக்கிள் என்கிற கசப்பான சர்க்கரைப் பாகு ஒரு பெரிய கரண்டி, முட்டை ஒன்று, மோர் கொஞ்சம் கொஞ்சமாக. மாவு கரண்டியிலிருந்து தானாக விழக் கூடாது, தட்டினால் விழ வேண்டும்.

துணிதான் விஷயம். டீ டவல், தலையணை உறை, எதுவானாலும் பருத்தி. நான் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன். பல வருடம் துவைத்து நைந்த துணி என்பதால் மாவை நன்றாகப் பிடிக்கிறது. வாசனை சோப்பில் துவைத்திருந்தால் தொடாதீர்கள், டம்ப்ளிங் லாவண்டர் வாசம் அடிக்கும். துணியைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிழிந்து, மேசையில் விரித்து, மைதாவைச் சல்லடையில் தூவி, உள்ளங்கையால் தடவ வேண்டும். ஈரத்தில் மாவு பசை மாதிரி ஒட்டும். பிற்பாடு டம்ப்ளிங் மேல் பளபளவென்று ஒரு தோல் வரும், அது இந்த மாவு தரும் தோல்தான். இங்கே கஞ்சத்தனம் பண்ணினால் தோல் துணியோடு கிழிந்து வந்துவிடும்.

துணியை ஒரு கிண்ணத்துக்குள் விரித்து, கலவையைப் போட்டு, நான்கு முனையையும் சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள். முடிச்சுக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டுங்கள், உப்பும். பெரிய பாத்திரத்தின் அடியில் ஒரு சாஸரைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மூட்டை. மூட்டையின் முக்கால் உயரத்துக்குக் கொதிதண்ணீர், மூடி, மூன்று மணி நேரம். தண்ணீர் குறைந்தால் கொதிதண்ணீரே விட வேண்டும். கீழ்வீட்டு அம்மா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டே சமைப்பார். சாஸர் அடியில் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எழுந்து வருவார்: கொதி அடங்கியிருக்கும், அல்லது தண்ணீர் வற்றியிருக்கும்.

வெந்ததும் மூட்டையைப் பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு, பத்து எண்ணும் நேரம். துணி லேசாகக் கழன்று வரும். அப்படியே தட்டில் கவிழ்த்து, 180 டிகிரி அடுப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுங்கள். அந்தக் காலத்தில் கணப்பு நெருப்புக்கு முன்னால் வைத்துத் திருப்பித் திருப்பிக் காய வைப்பார்களாம். வெளுத்து வழவழவென்று இருந்த உருண்டை, கண் முன்னாலேயே பழுப்பாக மாறித் தோல் இறுகும். அதைப் பார்க்கவே குழந்தைகளை எழுப்பி வைக்கலாம்.

இதில் எந்த இடத்தில் விஸ்கியைத் தேடுவது?

ஜனவரி 2, காலை 9.30

க்ளூட்டி கிறிஸ்துமஸ் பலகாரம்தானே, ஜனவரி கடைசியில் எதற்கு என்று கேட்டவருக்கு. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் ரொம்பக் காலம் அடங்கியே கிடந்தது. 1640இல் நாடாளுமன்றம் யூல் என்கிற கிறிஸ்துமஸ் விடுமுறையையே தள்ளுபடி செய்தது. சட்டம் பிறகு மாறினாலும் பழக்கம் போகவில்லை. டிசம்பர் 25 இங்கே பொது விடுமுறை ஆனது 1958இல்! அதனால் குளிர்காலப் பண்டங்கள் எல்லாம் ஹாக்மனேயைச் சுற்றியும் பிறந்தநாளைச் சுற்றியும் ஒதுங்கின. க்ளூட்டி பல வீடுகளில் பிறந்தநாள் கேக். பர்ன்ஸுக்கும் 25ஆம் தேதி பிறந்தநாள்தான், 1759இல் ஆலோவேயில் பிறந்தவர். தாராளமாகப் பொருந்தும்.

ஜனவரி 2, இரவு 8.45

ப்ளாக் பன் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஹாக்மனே நள்ளிரவுக்குப் பிறகு முதலில் வாசல் மிதிப்பவர் கையில் கொண்டுவரும் பண்டம். மாவு ஓட்டுக்குள் பழத்தைத் திணித்து வைத்த ஒரு செங்கல். பிராந்தியோ விஸ்கியோ பல சமையல் குறிப்புகளில் உண்டு, ஆனால் அளவு சின்னது. பழத்தை முதல் நாள் ராத்திரி திக்கான கறுப்பு டீயில் ஊறவையுங்கள், அந்த வேலையை டீ செய்துவிடும். மிளகுப் பொடியைக் குறைக்காதீர்கள். மது போட்டது போல மாதக்கணக்கில் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு இது பிடிக்காது. ஒரு விரல் தடிமன் துண்டுக்கு மேல் முடியாது. விருந்து முடிந்து வயிறு நிரம்பியவர்களுக்கு இதைக் கொடுப்பது தண்டனை.

டண்டீ கேக் என்றால் வேறு பேச்சு. ஆரஞ்சுத் தோல், சுல்தானா, மேலே வட்டம் வட்டமாகப் பாதாம். கெய்லர் மார்மலேட் கம்பெனிதான் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஷெரி ஊற்றச் சொல்லும் குறிப்பு இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு ஒரு கரண்டி மார்மலேட் சேருங்கள். ஒன்றும் குறையாது. சொந்த ஊர்க் கேக் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 5, இரவு 10.10

க்ரானகனையும் எப்படியாவது சேர்க்க வேண்டும் என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். சரி.

'எதையும் ஊற்றாதீர்கள்' என்று முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. க்ரானகனில் விஸ்கி செய்யும் வேலை என்ன? க்ரீம் கொழுப்பு, தேன் இனிப்பு, ராஸ்பெர்ரி புளிப்பு. இந்த மூன்றுக்கும் நடுவில் லேசான கசப்பும் புகையும் இருந்தால்தான் நாக்கு அடுத்த கரண்டிக்கு ஆசைப்படும். அந்தக் கசப்பை விஸ்கி தருகிறது. ஆபீஸ்காரர்கள் வெறும் க்ரீம் என்று சிரிப்பது, விஸ்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்ட க்ரானகனைப் பார்த்து. ஆனால் அந்தக் கசப்பை மற்ற பொருட்களிடமிருந்தே வாங்கலாம்.

முதலில் ஓட்ஸ். கஞ்சிக்குப் போடும் தட்டை ஓட்ஸ் வேண்டாம், நொய் போல உடைத்த பின்ஹெட் ஓட்ஸ் வாங்குங்கள். ஆறு பேருக்கு 80 கிராம். வெறும் வாணலியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். பொன்னிறம் வந்ததும் இறக்கிவிடுவார்கள். நான் இன்னும் ஒரு நிமிடம் விடுவேன், வறுகடலைத் தோல் கருகும் வாசனை எட்டிப் பார்க்கும் வரை. அதற்கு மேல் போனால் குப்பைத்தொட்டிதான்.

அடுத்தது ஹெதர் தேன். சாதாரணத் தேன் போட்டால் வெறும் இனிப்பு. ஆகஸ்டில் ஹெதர் புதர்களால் மலைச்சரிவுகள் ஊதாவாகப் பூக்கும்போது தேனீ எடுத்து வருவது இது, அடியில் தெளிவான கசப்பு இருக்கும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் இறங்காது, ஜெல்லி மாதிரி உட்கார்ந்திருக்கும். கரண்டியால் கிண்டினால் இளகி ஓடும், விட்டுவிட்டால் மறுபடி இறுகிக்கொள்ளும். கூட்டிலிருந்து சுழற்றி எடுக்க முடியாமல் பிழிந்து எடுக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். விலையும் அதற்கேற்ப. ஆறு பேருக்கு நான்கு மேசைக்கரண்டி, ஒரு சின்ன பாட்டில் போதும்.

ஜனவரியில் ஃப்ரெஷ் ராஸ்பெர்ரி என்று விமானத்தில் வந்ததை வாங்காதீர்கள், தண்ணீர். ப்ளேர்கவுரி, ஆங்கஸ் பக்கத்து கோடைப் பழம் உறைய வைத்துக் கிடைத்தால் அதுதான் நல்லது. சல்லடையில் போட்டு உருகவிட்டு, வடியும் சாற்றைத் தனியே பிடித்துவையுங்கள். அந்தச் சாறுக்கு ஒரு வேலை இருக்கிறது, அடுத்து வருகிறேன்.

ஜனவரி 6, காலை 7.20

தூக்கம் வந்துவிட்டது நேற்று. சாறு விஷயம்.

க்ரானகனைக் கிளாஸில் அடுக்கி அலங்காரமாகக் கொண்டு வருவது ஓட்டல் பழக்கம். பழைய முறையில் எல்லாமே தனித்தனிக் கிண்ணத்தில் மேசைக்கு வரும்: ஓட்ஸ், க்ரீம், தேன், பழம், ஒரு சின்ன ஜாடியில் விஸ்கி. அவரவர் தேவைக்குப் போட்டுக் கலந்துகொள்வார்கள். உங்கள் விருந்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஜாடியில் அந்த ராஸ்பெர்ரிச் சாற்றை வையுங்கள். மேசையில் யாருக்கும் 'ஸ்பெஷல் தட்டு' கிடையாது, யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஓட்ஸும் கடைசி நொடியில் விழுவதால் மொறுமொறுப்பு போகாது.

600 மில்லி டபுள் க்ரீம் ஆறு பேருக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு க்ரவுடி என்கிற இளம் பாலாடைக்கட்டியைச் சேர்த்தால் இன்னும் பழைய வழி. லேசான புளிப்பு வரும், திகட்டாது. க்ரவுடி வாங்கும்போது மிளகு, ஓட்ஸ் புரட்டியது கையில் வந்துவிடாமல் பாருங்கள். மாசமாக இருப்பவர் உண்டென்பதால், பாஸ்டுரைஸ் செய்த பால் என்று அட்டையில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

ஜனவரி 8, இரவு 9.55

லாப்சாங் சூஷாங் டீயைச் சுண்டக் காய்ச்சி ஊற்றச் சொல்லியிருக்கிறார் ஒருவர். பைன் விறகுப் புகையில் உலர்த்தும் சீன டீ. நானும் இதைச் செய்வதுண்டு. சுண்டிய டீ ஒரு டீஸ்பூனைத் தேனில் கலந்தால் ஐலா விஸ்கிதானோ என்று சந்தேகம் வரும் அளவுக்குப் புகை.

யோசித்துப் பார்த்தால் அதுதான் தயக்கம். குடியை விட்ட நண்பர் வருகிறார். நாக்கில் படாவிட்டாலும் மூக்குக்கு அதே வாசனையை நகலெடுத்து நீட்டுவது உபசாரமா? ஆல்கஹால் இல்லாத 'விஸ்கி' என்று விற்கிறார்களே, அதிலும் எனக்கு இதே தயக்கம். போதாததற்கு 'லோ ஆல்கஹால்' என்று போட்டிருந்தால் பிரிட்டனில் 1.2 சதவீதம் வரை இருக்கலாம். முஸ்லிம் நண்பர்களுக்கும் ஒத்துவராது. வேறு விருந்தாக இருந்தால் லாப்சாங்குக்குக் கை தூக்குவேன். இந்த விருந்துக்கு வேண்டாம்.

ஆரஞ்சு ஜூஸ் என்று சொன்னவருக்கு: க்ரீம் நீர்த்துவிடும். மார்மலேட் ஒரு கரண்டி என்றால் பரவாயில்லை, கசப்பும் வரும்.

ஜனவரி 9, மதியம் 1.05

வெனிலா எசென்ஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். எக்ஸ்ட்ராக்ட் என்றால் பெரும்பாலும் ஆல்கஹாலில் ஊறவைத்தது. வெனிலாக் காயைக் கீறிப் போடுங்கள், அல்லது கிளிசரினில் செய்தது கிடைக்கும். கடையில் விற்கும் மின்ஸ்மீட் (பெயர்தான் இறைச்சி, உலர்பழக் கலவை), சில மார்மலேட் பாட்டில்கள், தயாராக விற்கும் கஸ்டர்டு டப்பா என எல்லாவற்றையும் படித்துத்தான் வாங்க வேண்டும்.

ஜனவரி 11, இரவு 8.30

காபியோடு டேப்லெட். இதை ஃபட்ஜ் என்று இந்த ஊரில் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது. ஃபட்ஜ் மிருதுவாக இருக்கும், டேப்லெட் கடித்தால் மணல் மணலாக உதிரும். 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிரிஸல் பெய்லி சீமாட்டியின் வீட்டுக் கணக்கிலேயே இது இருக்கிறது. அப்போது சர்க்கரையும் க்ரீமும். இப்போது கண்டென்ஸ்டு மில்க்.

சர்க்கரை ஒரு கிலோ, வெண்ணெய் 115 கிராம், பால் 250 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின். அளவைப் படித்துவிட்டு மூடிவிட்டு ஓடாதீர்கள், ஒரு துண்டு விரல்நகம் அளவுதான் வெட்டுவது. பெரிய பாத்திரமாக எடுங்கள், பொங்கும். சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகே கொதிக்க விட வேண்டும். 115 முதல் 118 டிகிரியில் இறக்கி, மரக்கரண்டியால் விடாமல் அடிக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பிரச்சினை வராது. தேங்காய் பர்பி ஓரத்தில் பூத்து வரும் பதம் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. கரண்டி கனத்து, பளபளப்பு மங்கும் அந்த நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும். இன்னும் நாலு சுற்று என்று நினைத்தால் பாத்திரத்திலேயே கல்லாகிவிடும்.

முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை, மாவு இல்லை. உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லோரும் சாப்பிடலாம். சர்க்கரை வியாதிக்காரர் யாராவது இருந்தால் டப்பாவை அவர் கண்ணில் படாமல் வையுங்கள்.

ஜனவரி 12, இரவு 11.20

டேப்லெட் எழுதியதிலிருந்து சர்க்கரை பற்றியே ஓடுகிறது. இவ்வளவு சர்க்கரை இந்தக் குளிர் நாட்டுக்கு எப்படி வந்தது? கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அடிமைகளின் முதுகில் ஏறி. கிளைட் ஆற்று முகத்தில் க்ரீனக் துறைமுகம் ஒரு காலத்தில் சர்க்கரை ஆலைகளால் நிறைந்திருந்தது. கோல்டன் சிரப் டின்னில் பெயர் இருக்கும் ஏப்ரம் லைல் 1820இல் பிறந்தது அங்கேதான். ஆலைக் கழிவாக நின்ற பாகைச் சுத்தப்படுத்தி விற்கலாம் என்ற யோசனை, அவர் குடும்பம் லண்டனில் ஆலை போட்ட பிறகு வந்தது. அவர் குடிக்குக் கடும் எதிரி, சர்ச் மூப்பர். க்ளூட்டியில் ட்ரீக்கிளுக்குப் பதில் கோல்டன் சிரப் விடுபவர்கள் உண்டு. உங்கள் விருந்துக்கு அதைவிடப் பொருத்தமான டின் கிடைக்காது என்று சொல்லத்தான் இவ்வளவும். ருசிக்கு மட்டும் ட்ரீக்கிள்தான், கசப்பு வேண்டும்.

ஜனவரி 14, காலை 8.00

எக்லஃபெக்கன் டார்ட்டில் வினிகர் இருக்கிறதே, பரவாயில்லையா என்ற கேள்விக்கு: இஸ்லாமியச் சட்டத்தில் வினிகர் பொதுவாக அனுமதிக்கப்பட்டதுதான். இருந்தாலும் வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் எலுமிச்சைச் சாறு அதே அளவு. வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, முட்டை, உலர்பழம், வால்நட் எல்லாம் சேர்ந்து பாகாகத் திரளும் இடத்தில் ஒரு புளிப்பு வெட்டு வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. எழுத்தாளர் தாமஸ் கார்லைல் பிறந்த ஊர் டார்ட் இது. அவர் எழுத்தைவிடச் சீக்கிரம் ஜீரணமாகும்.

ஜனவரி 17, மாலை 5.40

முட்டையும் வேண்டாம் என்று மாமியார் இப்போது சொல்கிறாராம். மாமியார் என்றால் அப்படித்தான்.

க்ளூட்டியில் முட்டையை விட்டுவிடுங்கள். பழைய வீட்டு முறைகள் பலவற்றில் முட்டையே இருக்காது. மோர் இன்னும் இரண்டு கரண்டி சேர்த்தால் போதும், சோடா பார்த்துக்கொள்ளும். கஸ்டர்டுக்கும் பவுடர் இருக்கிறது. 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் அதைக் கண்டுபிடித்ததே, மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால். இங்கிலாந்துக்காரர் கண்டுபிடிப்பு என்று உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டாம்.

எளிதாக இன்னொன்று வேண்டுமென்றால் கேரஜீன் புட்டிங். மேற்குத் தீவுகளில் கரையில் பொறுக்கிக் காயவைக்கும் கடல்பாசி. ஒரு சின்னக் கைப்பிடியைக் கழுவி ஊறவைத்து, ஒரு லிட்டர் பாலில் இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, சர்க்கரை போட்டு வடிகட்டி ஆறவிட்டால் தானே உறையும். பாலில் எலுமிச்சைத் தோல் ஒரு கீற்று போடுங்கள், கடல் வாசனை அடங்கும். முட்டை, ஜெலட்டின் இரண்டும் இல்லாமல் உறையும் பால் புட்டிங் வேண்டும் என்றால் இதுதான். ஆனால் கண்ணுக்கு விருந்து மாதிரி இருக்காது, ஆஸ்பத்திரித் தட்டு மாதிரி வெளுப்பாக இருக்கும். ராஸ்பெர்ரி இரண்டு வையுங்கள்.

ஜனவரி 20, இரவு 9.15

இவ்வளவு பேசிவிட்டு எத்தனை இனிப்பு என்று யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் க்ளூட்டியும் கஸ்டர்டும் முதலில், க்ரானகன் கிண்ணங்கள் நடுமேசையில், டேப்லெட் காபியோடு. ட்ரைஃபிள் வேண்டாம். ஹாகிஸும் (ஆட்டு உள்ளுறுப்பும் ஓட்ஸும் சேர்ந்த பண்டம்) டர்னிப்பும் உருளையும் தின்ற பிறகு (சைவ ஹாகிஸ் வாங்கிவிட்டீர்கள்தானே) இது மூன்றுமே அதிகம்.

டேப்லெட்டை நாளைக்கே செய்து டப்பாவில் போட்டுவிடலாம். ஓட்ஸை 24ஆம் தேதி வறுத்து மூடி வையுங்கள். க்ளூட்டியை மட்டும் அன்றே, பிற்பகல் மூன்று மணிக்குப் பாத்திரத்தில் போட்டுவிடுங்கள். வீடு முழுக்கப் பட்டையும் சுக்கும் மணக்கும்போது விருந்தாளிகள் கதவைத் தட்ட வேண்டும்.

ஜனவரி 22, காலை 7.35

காசு போடலாமா என்று கேட்கிறீர்கள். முன்பு வெள்ளிக் காசைக் காகிதத்தில் சுற்றி க்ளூட்டிக்குள் வைப்பார்கள், கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். இப்போது போடுவதாக இருந்தால் காசைக் கொதிக்கவைத்து, வெண்ணெய்க் காகிதத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேசையில் எல்லோரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் விட்டுவிடுங்கள். மாமியார் தட்டில் விழுந்தால் நல்லது.

ஜனவரி 26, மாலை 4.50

க்ளூட்டியும் க்ரானகனும் மிஞ்சியது எதிர்பார்த்ததுதான். பாதி க்ளூட்டி மிச்சம், என்ன செய்வது என்ற கேள்விக்கு: ஒரு விரல் தடிமனாக வெட்டி, வாணலியில் வெண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் தோல் மொறுமொறுக்கும் வரை பொரியுங்கள். இங்கே காலையில் பன்றி இறைச்சியோடு சேர்த்துத் தின்பார்கள். உங்கள் வீட்டில் டீயோடு போதும். மீதியைத் துண்டு துண்டாகக் காகிதம் சுற்றி உறைய வைக்கலாம், இரண்டு மூன்று மாதம் கெடாது. மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல் ரப்பராகிவிடும், வாணலிதான். ஊறிப்போன க்ரானகனைக் காலைக் கஞ்சியில் கலந்துவிடுங்கள். டேப்லெட் மிச்சம் என்று யாரும் எழுதவில்லை.